ஊழியத்தில் தொய்ந்துபோனவர் மறுபடி எழும்ப சபைக் கமிட்டி என்ன செய்யலாம்?

பொதிகை_அடிவாரம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர் வேண்டாம் என்றார்.

எங்கள் சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஓர் அக்கா. வயது 46, பள்ளிக்கூட ஆசிரியை. 11 வருடமாக ஞாயிறு பள்ளி சூப்பிரண்ட், அதாவது பள்ளியின் தலைமைப் பொறுப்பு. கூடவே பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் பொறுப்பு. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் ஞாயிறு பள்ளி பீரோ சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இனி என்னால ஆகாது" என்று போய்விட்டார். ஆராதனைக்கு வருகிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன்னே எழுந்துவிடுகிறார். வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறதாம். "என்னை வச்சு ஆண்டவருக்கு இனிமே என்ன ஆகணும்?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

கமிட்டியில் மூன்று யோசனை வந்திருக்கிறது. 3 நாள் உபவாச ஜெபத்துக்கு அனுப்பலாம் என்று ஒருவர். உற்சாகமாக இருக்கும், மிஷனெரி சங்கச் செயலாளர் பொறுப்பைக் கொடுப்போம் என்று இன்னொருவர். கொஞ்ச நாள் விட்டால் தானாக வந்துவிடுவார் என்று மற்றவர்கள். எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது? பிள்ளைகள் 45 பேர், 4 வகுப்பு, அவரைத் தவிர 5 ஆசிரியர்கள். மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேறு வருகிறது.

ஒரேப்_வழி (சேகர குரு, ஆலோசனைப் பணி)

மூன்றையும் ஒத்திவையுங்கள் ஐயா.

1 இராஜாக்கள் 19-ஐ நாம் பெரும்பாலும் 12-ஆம் வசனத்து மெல்லிய சத்தத்திலிருந்துதான் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன்னால் நடந்த வரிசையைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவிடம் தேவதூதன் சொன்ன முதல் வார்த்தை, "எழுந்திருந்து போஜனம்பண்ணு". தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார், யாரும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தரம் எழுப்பியதும் சாப்பிடத்தான். பிறகு 40 நாள் நடை. அதற்கும் பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி. எலியா தன் குறையைக் கொட்டுகிறார். 10-ஆம் வசனத்தில் சொன்னதையே 14-இல் மறுபடி சொல்கிறார். கர்த்தர் இரண்டு தரமும் கேட்டுக்கொள்கிறார். வேலை 15-ஆம் வசனத்தில்தான் வருகிறது.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு நிற்பவரை உபவாசத்துக்கு அனுப்புவது, தேவதூதன் கொண்டுவந்த அடையைக் கையிலிருந்து பிடுங்குவது போலாகும். புதிய பொறுப்போ, "பொறுப்பு இருந்தால்தான் உங்களுக்கு இங்கே இடம்" என்று சொல்லாமல் சொல்லிவிடும். அவருடைய வேதனையே அந்த இடத்தில்தான் இருக்கிறது. தானாக வருவார் என்று விட்டாலோ, தேட ஆளில்லை என்பதையே தான் வேண்டாதவள் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்.

முதல் வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். கமிட்டித் தீர்மானமாக ஒரு கடிதம் எழுதி, நீங்களே வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்று பொறுப்பிலிருந்தும் 6 மாதம் முழு விடுவிப்பு, இன்ன தேதி வரை என்று இருக்கட்டும். அதுவரை யாரும் "எப்ப வர்றீங்க" என்று கேட்கமாட்டோம், அதன் பிறகு வராவிட்டாலும் சபையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும் என்றும் எழுதுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் இரண்டாம் ஞாயிறே "ஒரே ஒரு பாட்டு மட்டும்" என்று யாராவது போய் நிற்பார்கள். அவரும் மறுக்கத் தெரியாமல் எழுந்துவிடுவார்.

வீட்டுச் சந்திப்புக்கு இரண்டு பெண்கள் போதும், 15 நாளைக்கு ஒரு தரம், முக்கால் மணி நேரத்துக்குள். கையில் ரிஜிஸ்டரோ நோட்டீஸோ இருக்கக் கூடாது. ஜெபம் அவர் சம்மதித்தால் மட்டும், கடைசியில், 2 நிமிடம். வாக்குத்தத்த வசனங்களை அடுக்காமல் சங்கீதம் 13-ஐ வாசியுங்கள். மொத்தம் 6 வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் வருகிறது. தான் வெளியே சொல்லப் பயப்படுகிற பேச்சு வேதத்துக்குள்ளேயே ஜெபமாக இருக்கிறது என்று அவர் காதில் விழட்டும்.

அந்தச் சந்திப்புகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இது அசதியா, காயமா? இரண்டுக்கும் மருந்து வேறு. எலியாவுக்கு அடையும் தூக்கமும் வேண்டியிருந்தது. பேதுருவின் காரியம் வேறு. யோவான் 21-இல் கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது: இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த அரமனை முற்றத்தில் (18:18), பிறகு இந்தக் கரையில் (21:9). எந்தக் கனலருகே விழுந்தாரோ அதே போன்ற கனலருகே இயேசு அவரை உட்கார வைத்து, முதலில் சாப்பாடு கொடுத்து, பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். அக்காவுக்கு அந்த டிசம்பரில் ஏதாவது நடந்ததா என்று விசாரியுங்கள். செலவுக் கணக்கில் சந்தேகப்பட்டுப் பேசினார்களா? பிள்ளைக்கு வேஷம் கிடைக்கவில்லை என்று பெற்றோர் யாராவது எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்களா? அப்படி ஒன்று இருந்தால் 6 மாதம் அல்ல, 6 வருடம் ஓய்வு கொடுத்தாலும் ஆறாது. பேசினவர் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கமிட்டி தவறியிருந்தால் கமிட்டி கேட்க வேண்டும். "ஏதாவது தப்பு நடந்திருந்தால்" என்ற இழுவை அதில் வரக் கூடாது.

மனநல_செவிலி

இதோடு சேர்த்து, அந்த முதல் வாரத்திலேயே ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. 46 வயசுப் பெண்ணுக்கு நாலு மாசமா அசதி, எதிலும் பிடிப்பில்லைன்னா இரத்தப் பரிசோதனை இல்லாம இது ஆவிக்குரிய சோர்வுன்னு முடிவு கட்டக் கூடாது. ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பி12, சர்க்கரை, இவ்வளவும் ஒரே தடவை இரத்தம் கொடுத்தா தெரிஞ்சிடும். மாதவிடாய் நிற்கப்போற வயசு. அதனாலயும் தூக்கம் கெடும், மனசு கலங்கும். இதையும் டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும்.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயா வகைப்படுத்தல. வேலை சார்ந்த ஒரு நிலைன்னு சொல்றாங்க. அதுக்கு மூணு அடையாளம்: உடம்பும் மனசும் வற்றிப்போறது, செய்த வேலை மேலயே கசப்பும் விலகலும், "நான் செஞ்சதுல ஒரு பலனும் இல்ல"ங்கிற எண்ணம். மனச்சோர்வு நோய் வேற. பணிச்சோர்வுல இருக்கிறவங்க தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துல கொஞ்சம் சிரிப்பாங்க. மனச்சோர்வு நோய்ல பெரும்பாலும் அதுவும் வராது. இரண்டு வாரத்துக்கு மேல நாள் முழுக்கப் பாரம், விடியுமுன்னே மூணு நாலு மணிக்கே விழிப்பு, பசியின்மை, எல்லாத்துக்கும் தன்னையே குற்றம் சொல்றது இருந்தா மனநல மருத்துவரைப் பார்க்கணும்.

மாத்திரை எழுதினா வேலை செய்யத் தொடங்க 2 முதல் 6 வாரம் ஆகலாம். பத்து நாளில் "ஒண்ணும் தெரியல"ன்னு நிறுத்திடறதும், கொஞ்சம் தெளிஞ்சதும் "ஜெபத்துல சுகமாயிட்டேன்"னு டக்குனு விட்டுடறதும்தான் நான் சொல்ற எச்சரிக்கை. நிறுத்தறதா இருந்தா டாக்டர் சொல்றபடி படிப்படியா. மாத்திரை போட்டா விசுவாசம் குறைச்சல்னு யாரும் அந்த வீட்டில் பேசாம பார்த்துக்கோங்க. "பிரியமான வைத்தியனாகிய லூக்கா"ன்னு பவுல் எழுதினதும் வேதத்தில்தான் இருக்கு.

முக்கியமான ஒண்ணு. "என்னை வச்சு என்ன ஆகணும்"னு திரும்பத் திரும்பச் சொல்றவங்ககிட்ட, "செத்துப்போயிடலாம்னு தோணுதா அக்கா?"ன்னு சந்திக்கப் போற தோழி நேராவே கேட்கணும். கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வராது. மறைச்சு வச்சிருந்ததைச் சொல்ல வழி கிடைக்கும். ஆமான்னா அன்னிக்கே வீட்டாருக்குச் சொல்லணும், தனியா விடக் கூடாது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அரசின் டெலி மனஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.

தூக்கத்துக்கு: எந்நேரம் படுத்தாலும் எழுந்திருக்கிற நேரம் ஒண்ணாவே இருக்கட்டும். மதியத் தூக்கம் அரை மணிக்குள்ள. 3 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். காலை வெயில்ல அரை மணி நடை. போன் படுக்கையறைக்கு வெளியே. சபை வாட்ஸ்அப் குழுக்களை அமைதிப்படுத்தி வச்சா பத்தாது. அட்மின் பொறுப்பை வேற ஆளுக்கு மாத்திட்டு அவங்களை வெளியே விடுங்க. இல்லைன்னா ராத்திரி 10 மணிக்கும் "அக்கா, நாளைக்கு எந்த வசனம்?"னு வந்து நிற்கும்.

பழைய_ரிஜிஸ்டர் (ஞாயிறு பள்ளி அமைப்பாளர்)

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் சொல்றேன். இதைச் சரிபண்ணாம அக்காவைத் தேத்தினா, அடுத்து இன்னொருத்தர் சாவியைக் கொண்டுவந்து வைப்பாங்க.

யாத்திராகமம் 18-ல மோசேகிட்ட அவரோட மாமனார் எத்திரோ சொன்னதைக் கூர்ந்து வாசிங்க: "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்." மோசே மட்டுமில்ல, வரிசையில காலையிலிருந்து நிக்கிற ஜனமும் தொய்ஞ்சு போகும். ஒருத்தரே எல்லாம் பண்ற பள்ளியில அந்த அஞ்சு ஆசிரியரும் இத்தனை வருஷமா ஒண்ணும் கத்துக்கல, கவனிச்சீங்களா? பாட்டு, நடிப்பு, பரிசு வாங்குறது, வருகைப் பதிவு, பரீட்சைத் தாள் எல்லாம் அக்கா கையிலயே இருந்திருக்கும்.

45 பிள்ளைக்கு 4 வகுப்பு, 5 ஆசிரியர்னா ஒருத்தருக்கு லீவுன்னா வகுப்பே நின்னுபோகும். இப்போதைக்கு 2 வகுப்பா சேர்த்திடுங்க: 8 வயசு வரைக்கும் ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு. வகுப்புக்கு 2 பேர் வச்சா 4 பேர் ஆச்சு. அஞ்சாவது ஆளுக்கு அந்த மாசம் முழு ஓய்வு. பெரியவங்க ஆராதனையில போய் நிம்மதியா உட்காரட்டும். இப்படிச் சுத்தி வந்தா ஒவ்வொருத்தருக்கும் 5 மாசத்துக்கு ஒரு மாசம் கிடைக்கும். வகுப்புல பாதிப் பேர் சின்னவங்க, பாதிப் பேர் பெரியவங்கன்னு பாடம் சரிவராதுன்னு சொல்வாங்க. கதையை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிட்டு, மனப்பாட வசனமும் கைவேலையும் மட்டும் இரண்டு தரமா பிரிச்சா போதும்.

சூப்பிரண்ட் வேலையை ஒரே ஆளுக்குத் தூக்கிக் கொடுக்காதீங்க. அதை நாலு சீட்டில் எழுதுங்க: பாடமும் ஆசிரியர் முறையும், வருகைப் பதிவும் பெற்றோர் தொடர்பும், பொருளும் பணமும், நிகழ்ச்சிகள். நாலுக்கும் நாலு பேர், இரண்டு வருஷத்துக்கு மட்டும். தேதி போட்டு எழுதுங்க. எண்ணாகமம் 8-ல ஆசரிப்புக் கூடாரத்துப் பணி செய்த லேவியருக்கே 25 வயசுல தொடக்கம், 50-ல வேலை ஓய்வு, அதுக்குப் பிறகு சகோதரரோடு காவல் மட்டும்னு இருக்கு. நம்ம சபைகளில்தான் ஒரு பொறுப்பை ஏத்துக்கிட்டா சாகிற வரைக்கும்.

பணம் தனியா பேச வேண்டிய விஷயம். சார்ட், கலர் பென்சில், பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி எல்லாம் கைக்காசு போட்டு வாங்கி, பில்லும் கொடுக்காம, 11 வருஷம் ஓட்டியிருப்பாங்க. அதைக் கேட்டுப் பாருங்க. திருப்பிக் கொடுக்க முடிஞ்சா கொடுங்க. முடியலன்னா கமிட்டிப் பதிவில் நன்றியோட எழுதுங்க. இனி மாசாமாசம் ஒரு சிறு தொகை முன்பணமா பொருள் பார்க்கிறவர் கையில இருக்கட்டும், பில் கொடுத்தா மறுபடி நிரப்புங்க.

வி.பி.எஸ்.: இந்த வருஷம் 10 நாள் வேண்டாம். பக்கத்துச் சேகரத்தோட சேர்ந்து 5 நாள், காலை 9 முதல் 12 மணி வரைக்கும். அதுவும் ஆள் இல்லைன்னா நடத்த வேண்டாம். ஒரு வருஷம் நின்னதால எந்தப் பிள்ளையும் விசுவாசத்தை விட்டுப் போகாது. அக்கா கிட்ட "வந்து மேற்பார்வை மட்டும் பாருங்க"ன்னு போகாதீங்க. மேற்பார்வைங்கிறது முழு வேலைக்கு இன்னொரு பேர்.

நண்பகல்

கத்தோலிக்கத் துறவு மரபிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மேலே சொன்ன ஓய்வு சரிதான். ஆனால் மூன்றாம் நான்காம் மாதத்தில் வேறொன்று தலைகாட்டும்: இருக்கிற இடமே பிடிக்காத மனச்சலிப்பு. அதை அசதி என்று எண்ணி இன்னும் ஓய்வு கொடுத்தால் கெட்டுவிடும்.

எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதை விவரித்திருக்கிறார். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரை வரும். சூரியன் நகராததுபோல் இருக்கும், பகல் 50 மணி நேரம் நீளும். துறவி ஜன்னலை எட்டி எட்டிப் பார்ப்பார், சாப்பாட்டு நேரம் ஆயிற்றா என்று. இந்த இடம் பிடிக்காது, உடன் இருப்பவர்களிடம் அன்பில்லை என்று தோன்றும், வேறிடம் போனால் நன்றாயிருக்கும் என்று மனம் ஓடும். "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று சங்கீதம் 91-இல் வருவதை அவர்கள் இதோடு சேர்த்துப் படித்தார்கள். இன்றைக்கு ஜன்னலின் இடத்தில் போன் இருக்கிறது.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அசதி ஓய்வெடுத்தால் குறையும், இது ஓய்வெடுக்க எடுக்கக் கூடும். அதற்கு அவர்கள் தந்த மருந்து இடத்தை விட்டு ஓடாதிருப்பது, கைவேலை, குறுகிய ஜெபம். ஆகவே உடம்பு தேறி, தூக்கம் சீரான பிறகு, அக்கா இப்படித் தொடங்கலாம். தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, 7 நிமிடம். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். குறிப்பெடுப்பது, பிள்ளைகளுக்குப் பாடமாக மாற்றிப் பார்ப்பது கூடாது. 11 வருடம் சொல்லிக்கொடுப்பதற்காகவே வேதத்தைத் திறந்தவருக்கு இதுதான் கடினமாக இருக்கும், எழுத்து மட்டும் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். 42-ஆம் சங்கீதத்தில் தொடங்கி, 43-ஐயும் சேர்த்தே வாசிக்கட்டும். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற வரி இரண்டிலுமாக மூன்று தரம் திரும்ப வரும். ஒன்றும் உணரவில்லை என்றாலும் 7 நிமிடம் முடிந்ததும் எழுந்துவிடலாம். உணர்ச்சி வரும்வரை உட்கார்ந்தால் நாலாம் நாள் நின்றுவிடும்.

பகலில் கை வேலை செய்யும்போது ஒரே வசனம். 1,600 ஆண்டுக்கு முன்னே ஜான் காசியன் என்ற துறவி பரிந்துரைத்தது சங்கீதம் 70-இன் முதல் வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." மாவு பிசையும்போதும், செடிக்குத் தண்ணீர் விடும்போதும் சொல்லலாம்.

தியானத்துக்குப் போக விரும்பினால் உபவாசக் கூட்டத்தை விட அமைதியான இடம் நல்லது. திருப்பத்தூரில் 1921-இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் உண்டு. குளித்தலை அருகே தண்ணீர்பள்ளியில் காவிரிக்கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு, 2 இரவு தங்கினால் போதும். முதல் இரண்டு மாதத்தில் வேண்டாம். மனம் அலைகிற நேரத்தில் அமைதி பயத்தைக் கூட்டும்.

பொதிகை_அடிவாரம்

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தை இந்த வாரமே கமிட்டியில் வைக்கிறேன். டிசம்பரில் கணக்கு விஷயமாக ஒரு பேச்சு நடந்ததும் உண்மைதான், இப்போதுதான் அதன் கனம் புரிகிறது. ஐயாவிடம் இன்னும் ஒன்று: 6 மாதம் கழித்து, "என்னை வச்சு என்ன ஆகணும்" என்ற கேள்விக்கு என்ன சொல்வது?

ஒரேப்_வழி

கணக்குப் பேசியவர் முதலில் போகட்டும், கடிதம் அடுத்த வாரம் போகட்டும். இரண்டும் ஒரே நாளில் போனால் மன்னிப்பு கேட்டது கமிட்டி வேலையாகத் தெரியும்.

அவர் கேள்விக்கு மாற்கு 3:14-ஐக் காட்டுங்கள். பன்னிரண்டு பேரை எதற்கு ஏற்படுத்தினார்? "தம்மோடுகூட இருக்கவும்" என்பது முதலில். பிரசங்கம்பண்ண அனுப்புவது அதற்கு அடுத்தபடி. முதலாவதற்கு எந்தப் பொறுப்பும் வேண்டாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இந்த மாதங்களிலும் அது அவருக்கு இருக்கிறது.

பிறகு எலியாவுக்கே திரும்புங்கள். ஒரேப் மலையில் அவருக்குக் கொடுத்தது மூன்று வேலை: ஆசகேல், யெகூ இருவரை ராஜாக்களாகவும், எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம்பண்ண வேண்டும். அவர் தாமே போய்ச் செய்ததாக நாம் வாசிப்பது ஒன்றுதான், எலிசாவின்மேல் சால்வையைப் போட்டது. ஆசகேலின் காரியம் 2 இராஜாக்கள் 8-இல் எலிசாவின் காலத்தில் வருகிறது. யெகூவை அபிஷேகம்பண்ண 9-ஆம் அதிகாரத்தில் போனது எலிசாகூட இல்லை, பேர் தெரியாத ஒரு வாலிபத் தீர்க்கதரிசி. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்றவருக்கு 7,000 பேரைக் காட்டி, ஒரு துணையையும் கொடுத்து அனுப்பினார்.

ஆகவே 6 மாதம் முடிந்து அவரே பேச்செடுத்தால், சூப்பிரண்ட் நாற்காலியைக் காட்டாதீர்கள். ஒரே ஒரு ஆள், வாரம் ஒரு மணி நேரம், 12 வாரம். அந்த 5 ஆசிரியரில் இளையவர் ஒருவரோடு உட்கார்ந்து அடுத்த ஞாயிறு பாடத்தைத் தயாரிக்க உதவலாம். அல்லது நடமாட முடியாத பாட்டி ஒருவருக்கு வாரம் ஒரு தரம் சங்கீதம் வாசித்துக் காட்டலாம். 12 வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, 2 வாரம் கழித்து, தூக்கம் எப்படி, சனி இரவு நெஞ்சில் பாரம் ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறுகிறது என்றால் இன்னும் 3 மாதம் தள்ளுங்கள். வாரம் பிறந்ததும் அந்த ஆளின் முகம் நினைவுக்கு வருகிறது என்றால் இன்னொரு 12 வாரம்.

காரியம் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். டிசம்பரில் திரும்பி வரச் சொல்வது ஒன்று. கேரல் ரவுண்ட்ஸ், நிகழ்ச்சி, விருந்து என்று பழைய சுழலே இழுத்துக்கொள்ளும். பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். மற்றது சாட்சி. "அக்கா எழும்பிட்டாங்க" என்று மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வருடம் வரை வேண்டாம்.

பழைய_ரிஜிஸ்டர்

ஐயா சொன்னதுக்குப் பிறகு ஒரு சின்ன வேலை. அந்தப் பீரோவை அக்கா இல்லாமலே இந்த சனிக்கிழமை திறந்து, இருக்கிற பொருளை ரெண்டு பேர் சேர்ந்து பட்டியல் போடுங்க. அதில் அவங்க சொந்தப் புத்தகம், ஆர்கன் நோட்டு, தைச்சு வச்ச தேவதூதர் உடுப்பெல்லாம் இருக்கும். தனியா எடுத்து, பையில் போட்டு, வீட்டில் கொடுத்திடுங்க. சாவியை மூணா அடிச்சு மூணு பேர்கிட்ட வைங்க, பட்டியலோட ஒரு பிரதி சேகர அலுவலகத்துல இருக்கட்டும். அப்படின்னா சாவி எங்கே, சார்ட் எங்கேன்னு அவங்களுக்கு யாரும் போன் பண்ண வேண்டியிருக்காது.